இரண்டாவது உலை வாங்குவதற்கு முன்: ராமநாதபுரம் கடற்கரையில் லாரி ரேடியேட்டர் செய்யும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். ராமநாதபுரத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் உங்கள் பட்டறை. கனரக லாரிகளுக்கு ரேடியேட்டரும், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரும் செய்கிறீர்கள். ஒரு பக்கம் அப்பா காலத்துச் செம்பு-பித்தளை வேலை, இன்னொரு பக்கம் நீங்கள் கடன் வாங்கிப் போட்ட அலுமினிய பிரேசிங் உலை, அதாவது பாகங்களைச் சூட்டில் பற்று வைத்து ஒட்டும் உலை. ஆர்டர் வருகிறது, ஆட்கள் ஓவர்டைம் பார்க்கிறார்கள், ஆனால் வருஷக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. வங்கியில் மறுபடியும் கடன் தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டாவது உலை வாங்கலாமா, ஐ.ஏ.டி.எஃப். என்ற வாகனத் தொழில் தரச் சான்றிதழ் எடுத்து லாரிக் கம்பெனிகளுக்கு நேரடியாக சப்ளை செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஆர்டர் இருந்தும் காசு நிற்காத பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே நோய்தான் இருக்கும்: செய்ததையே திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள். ஒழுகலைச் சோதிக்கும் தண்ணீர்த் தொட்டியான லீக் டேங்கில் குமிழி விட்ட கோரை (ட்யூப்களும் மெல்லிய ஃபின் தகடுகளும் சேர்ந்த ரேடியேட்டரின் நடு உடல்) எடுத்து மறுபடி ஒட்டுவது, வாரண்டியில் திரும்பி வந்ததற்குப் புதிது கொடுப்பது, அதற்கு வண்டி வாடகை, கோபித்துக்கொண்ட பார்ட்டிக்கு அடுத்த பில்லில் தள்ளுபடி. இதெல்லாம் கணக்கில் நஷ்டம் என்ற தலைப்பில் ஏறுவதே இல்லை. கூலி, கரண்ட், நைட்ரஜன், டிரான்ஸ்போர்ட் என்று நாலு பக்கமும் பிரிந்து கரைந்துவிடும். இந்த நிலையில் இரண்டாவது உலை வந்தால் ஒழுகலும் இரண்டு மடங்காகும், மேலே வட்டியும் சேரும்.

முதலில் ஷெட்டுக்குப் பின்னால் குவித்துப் போட்டிருக்கும் ரிட்டர்ன் ரேடியேட்டர்களைப் பாருங்கள். இனிமேல் அவற்றைப் பழைய இரும்புக்காரருக்கு அப்படியே எடை போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை கட்டுங்கள். எந்த மாடல், எந்தத் தேதியில் உலைக்குள் போனது, வண்டி எந்தச் சரக்கு ஏற்றுகிறது, எந்த ரூட்டில் ஓடுகிறது, எத்தனை மாதம் தாங்கியது, எங்கே ஒழுகியது. இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. "லீக்" என்று மட்டும் எழுதினால் ஒரு பயனும் இல்லை. லீக் ஆன இடம் காரணத்தைச் சொல்லிவிடும்.

முதல் ட்யூபும் கடைசி ட்யூபும் ஹெட்டரோடு (ட்யூப் முனைகள் செருகி நிற்கும் தகடு) சேரும் மூலையில் விரிசல் என்றால் அது பெரும்பாலும் பிரேசிங் தவறாக இருக்காது. எஞ்சின் சூடேறும்போது ட்யூப்கள் நீள்கின்றன. ஓரத்தில் இருக்கும் சைடு பிளேட்டில் தண்ணீர் ஓடுவதில்லை, அதனால் அது அந்த அளவு சூடேறாது, நீளாது. அந்த இழுபறி முழுவதும் மூலை ட்யூபின் கழுத்தில்தான் விழும். நாளுக்கு நாலு தடவை சூடாகி ஆறும் வண்டியில் சில மாதங்களில் அந்தக் கழுத்து களைத்து வெடிக்கும். பிரேசிங் முடிந்த பிறகு சைடு பிளேட்டில் ஒரு வெட்டுப் போட்டு அது சுதந்திரமாக நீள விடுவது இதற்குப் பழைய வைத்தியம். ரம்பத்தால் ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் மூலையில் கூடுதல் ஃபில்லர், அதாவது பற்று உலோகம், வைத்து கனமாக ஒட்டுகிற பட்டறைகள் உண்டு. கனமாக ஒட்டினால் விரிசல் அரை இஞ்ச் தள்ளி வரும், அவ்வளவுதான்.

நடுவில் இருக்கும் ட்யூப்களின் ஹெட்டர் சேர்மானத்தில், ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊசித்துளை இருந்தால் அது உங்கள் உலையும் ஃப்ளக்ஸும் (பற்றுப் பிடிக்க உதவும் பொடி) சம்பந்தப்பட்டது. அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் டேங்கும் ஹெட்டரும் சேரும் ஓரத்தில் கசிவு என்றால் கிரிம்ப் உயரத்தை, அதாவது மடித்து இறுக்கின ஓரத்தின் உயரத்தை, அளந்து பாருங்கள். ஒரே பீஸில் நாலு பக்கமும் ஒரே அளவு வருகிறதா, கேஸ்கட் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறதா, டேங்கின் அடிப்பகுதி வளைந்து வந்திருக்கிறதா. மோல்டிங் செய்து தருபவர் நைலான் டேங்குகளைச் சூட்டோடு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வளைவு வரும். பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் கிழிசல் என்றால் ரப்பர் புஷ்ஷையும் சேஸியையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒழுகாமலே திரும்பி வருபவை. "வண்டி கொதிக்கிறது" என்று கழற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஃபேன் கிளட்ச் வழுக்கலாம், கவசம் உடைந்து ஃபேன் சுற்றின காற்றையே மறுபடி சுற்றலாம், மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் நிற்காமல் போயிருக்கலாம். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் காற்றழுத்தத்துக்கு மேல் ஒரு பார் அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும், மூடி அழுத்தத்தைப் பிடிக்காமல் விட்டால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். விலை குறைந்த ஒரு மூடிக்காக உங்கள் ரேடியேட்டர் கெட்ட பெயர் வாங்கும். இப்படி வருபவற்றைத் தனியாகக் குவியுங்கள். அந்தக் குவியல் பெரிதாக இருந்தால் நீங்கள் மாற்ற வேண்டியது தயாரிப்பை இல்லை, பொருத்துகிற மெக்கானிக்குகளிடம் பேசும் முறையை.

இப்போது நம்மூர் உப்புக்கு வருவோம். பாம்பன் பாலத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் அது துரு அதிகம் பிடிக்கும் கடல் என்று சொல்லாமல் விடுவதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டது அதனால்தான். அதே காற்றுதான் உங்கள் ஷெட்டுக்குள்ளும் வீசுகிறது, உங்கள் ரேடியேட்டர் மாட்டின மீன் லாரியின் முகத்திலும் அடிக்கிறது. பட்டறைக்குள் அந்த உப்பு செய்கிற வேலையும், ரோட்டில் செய்கிற வேலையும் வேறு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பட்டறைக்குள் முதல் எதிரி ஈரம். அலுமினிய பிரேசிங்கில் உலைக்குள் நைட்ரஜன் விடுவதே ஆக்ஸிஜனையும் ஈரத்தையும் வெளியே வைக்கத்தான். ஆக்ஸிஜன் பத்து லட்சத்தில் நூறு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், பனிப்புள்ளி (உள்ளிருக்கும் ஈரம் பனியாகப் படிய ஆரம்பிக்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ளக்ஸ் 570 டிகிரிக்கு அருகில் உருகி ஆக்ஸைடு தோலைக் கரைக்கும், அதற்குப் பிறகு 577 டிகிரிக்கு மேல் கிளாட் அடுக்கு (தகட்டின் மேல் படிந்திருக்கும் பற்று உலோகம்) உருக ஆரம்பித்து, 600 டிகிரி வாக்கில் சேர்மானத்துக்குள் ஓடும். இடையில் ஈரம் இருந்தால் ஃப்ளக்ஸ் அதோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். சேர்மானம் சாம்பல் நிறத்தில் வறண்டு நிற்கும். போதாக்குறைக்கு ஃப்ளக்ஸும் ஈரமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வாயு வரும், அது ஆட்களின் நுரையீரலுக்கும் கெடுதல், உலையின் உட்சுவருக்கும் கெடுதல். எக்ஸாஸ்டை ஷெட்டுக்குள்ளேயே விடுகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

உங்களுடையது ஒவ்வொரு லோடாகக் கதவு திறந்து ஏற்றும் பேட்ச் உலை என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் கடற்காற்று உள்ளே போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆறவிட்டு திங்கள் காலை ஏற்றுகிற முதல் லோடில்தான் அதிக லீக் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால், உலையின் செங்கல் ஒரு நாள் முழுக்க ஈரம் குடித்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் உலையை நைட்ரஜனோடு சூடேற்றி உலர்த்திய பிறகுதான் முதல் லோடு ஏற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் மோசமாகும். ஃப்ளக்ஸ் கரைசலில் முக்கி எடுத்த கோரை 200 டிகிரி வாக்கில் நன்றாக உலர்த்தாமல் உள்ளே தள்ளுவதும் இதே தப்புதான். ஃபேன் காற்றில் காய வைத்தால் போதும் என்று ஆட்கள் நினைப்பார்கள், ஃபின்களுக்கு நடுவில் காய்ந்திருக்காது. பனிப்புள்ளி மீட்டர் ஒன்று வாங்குங்கள். இரண்டாவது உலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது தேநீர்க் காசு.

இரண்டாவது எதிரி தண்ணீர். உங்கள் லீக் டேங்கில் என்ன தண்ணீர்? போர் தண்ணீர் என்றால், நம் கடலோர ஊர்களில் அது எவ்வளவு உப்பு என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீரில் கோரை முக்கி எடுத்து அப்படியே காய வைத்தால், ஒவ்வொரு ஃபின் இடுக்கிலும் குளோரைடு உப்புப் படிந்து நிற்கும். சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஃபின்னும், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ட்யூப் சுவரும் குடோனில் இருக்கும்போதே அரிக்க ஆரம்பித்துவிடும். ரிட்டர்னில் வெளியிலிருந்து உள்ளே குழி விழுந்த ட்யூப்களைப் பார்த்தால் ரோட்டு உப்பைத் திட்டுவதற்கு முன் இந்தத் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்தலாம், இல்லையென்றால் சின்ன ஆர்.ஓ. போடலாம். ஃப்ளக்ஸ் கலக்குவதற்கு அதையும்விடச் சுத்தமான, உப்பு நீக்கிய தண்ணீர் வேண்டும்.

மூன்றாவது, செம்பு. ஒரே கூரையின் கீழ் செம்பு-பித்தளையும் அலுமினியமும் ஓடுகிற பட்டறைகளில் நான் முதலில் தேடுவது செம்புத் தூளைத்தான். கிரைண்டரில் பறக்கும் செம்புப் பொடி அலுமினிய கோரில் விழுந்து, மேலே உப்பு ஈரமும் சேர்ந்தால் அந்த இடத்தில் சின்ன பேட்டரி போலவே வேலை நடக்கும், அலுமினியம் கரையும். நடுவில் சுவர் எழுப்புங்கள். ஒரே மேசை, ஒரே பிரஷ், ஒரே கையுறை கூடாது.

கச்சாப் பொருளிலும் ஒரு எச்சரிக்கை. சைடு பிளேட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் மலிவாகக் கிடைக்கிற தகட்டை வாங்கினால் அதில் மக்னீசியம் எவ்வளவு என்று தெரியாது. மக்னீசியம் அதிகமானால் ஃப்ளக்ஸ் செத்துப்போகும், பிரேசிங் பிடிக்காது. சர்டிஃபிகேட் இல்லாத தகடு உலைக்குள் போகக் கூடாது என்று விதி வைத்துவிடுங்கள்.

சரி, இதனால் காசு எப்படி வரும்? ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு லோடுக்கு 12 கோர், நாளுக்கு 6 லோடு, ஆக 72 கோர். முதல் தடவையிலேயே லீக் டெஸ்டில் தேறுவது 85 சதவீதம் என்றால் 61. அதை 95 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 68. நாளுக்கு ஏழு, மாதம் 25 நாள் என்றால் 175 கோர் கூடுதலாக வெளியே போகும். உலை அதேதான், ஆட்கள் அதே ஆட்கள்தான், நைட்ரஜனும் அதே அளவுதான். அதோடு மறு வேலைக்கு ஒதுக்கின இரண்டு வெல்டர்கள் வேறு வேலைக்குக் கிடைப்பார்கள். உங்கள் நிஜமான எண்கள் வேறாக இருக்கும், ஆனால் கணக்கு இதே மாதிரிதான். முதல் தடவையிலேயே தேறிய எண்ணிக்கையைத் தினமும் லீக் டேங்குக்கு மேலே ஒரு கரும்பலகையில் எழுதுங்கள். ஒட்டித் தேற்றியவற்றை அதில் சேர்க்கக் கூடாது. சேர்த்து எழுதினால் எப்போதும் நூறுதான் வரும், மேஸ்திரிக்கும் அதுதான் பிடிக்கும்.

லோடு ஏற்றுவதிலும் ஒழுங்கு வேண்டும். டிப்பருக்கான கனமான கோரையும் சின்ன ஆயில் கூலரையும் ஒரே லோடில் ஏற்றினால், கனமானது 600 டிகிரியைத் தொடுவதற்குள் சின்னதன் ஃபின் உருகிச் சரிந்துவிடும். மாடலுக்கு ஒரு தடவையாவது சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளைக் கோரிலேயே கட்டி உள்ளே அனுப்பி, அதன் சூட்டுக் கோட்டை வரைந்து ஃபைலில் வையுங்கள். உலையின் சுவரில் இருக்கும் மீட்டர் உலையின் சூட்டைத்தான் காட்டும், கோரின் சூட்டைக் காட்டாது. இன்டர்கூலரை அதிக அழுத்தக் காற்றில் சோதிக்கும்போது தொட்டிக்கு மேல் கம்பி வலை மூடி கட்டாயம். அடைபட்ட காற்று வெடித்தால் ஆள் தப்ப மாட்டார், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இனி என்ன செய்து விற்பது என்ற கேள்வி. உங்களைச் சுற்றி ஓடுகிற வண்டிகளைப் பாருங்கள். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், மூக்கையூரிலிருந்து மீனும் நண்டும் கணவாயும் ஏற்றிப் போகும் வண்டிகள். வாலிநோக்கம் பக்கத்து உப்பு லாரிகள். முதுகுளத்தூர், கமுதி பக்கத்திலிருந்து சீமைக்கருவேலங்கரி ஏற்றும் லாரிகள். ஜல்லி, எம்-சாண்ட் டிப்பர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் தூத்துக்குடித் துறைமுகத்துக் கன்டெய்னர் டிரெய்லர்கள். இவை எல்லாவற்றுக்கும் வடக்கே எங்கோ ஒரு பெரிய தொழிற்சாலையில் நாடு முழுவதற்கும் பொதுவாக வடிவமைத்த ஒரே ரேடியேட்டரைத்தான் மாட்டுகிறார்கள். அந்த வடிவத்தை அப்படியே நகல் எடுத்து விலையைக் குறைத்து விற்பதுதான் இப்போது நீங்கள் செய்வது. அந்தப் போட்டியில் வதோதரா பக்கத்துப் பெரிய தயாரிப்பாளர்களோடு நீங்கள் ஜெயிக்க முடியாது. அவர்கள் வாங்கும் அலுமினியத்தின் அளவே வேறு, அதனால் விலையும் வேறு.

நீங்கள் செய்ய வேண்டியது, இந்தக் கடற்கரையில் தாங்குகிற ரேடியேட்டர். கரி லாரிக்கும் டிப்பருக்கும் ஃபின்னை நெருக்கமாக வைக்காதீர்கள். நெருக்கமான, கீற்றுப் போட்ட ஃபின் புதிதில் நன்றாகக் குளிரூட்டும், கரித்தூள் அடைத்த பிறகு காற்றே போகாது. இடைவெளியைக் கூட்டி, கீற்று இல்லாத ஃபின் போட்டு, குறைகிற பரப்பளவைக் கோரின் ஆழத்தில் ஈடுகட்டுங்கள். டிரைவர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் தூள் வெளியே வந்துவிட வேண்டும். உப்பு லாரிக்கும் மீன் வண்டிக்கும் துத்தநாகம் ஏற்றிய ட்யூப் கிடைக்கிறது. துத்தநாகம் முதலில் அரிபட்டுச் சுவரைக் காப்பாற்றும், குழி ஆழமாக இறங்காமல் மேலாகவே பரவும். வெளியே மெல்லிய எபாக்ஸிப் பூச்சும் கொடுக்கலாம், ஆனால் கனமாகப் பூசினால் சூடு வெளியேறுவது குறையும்.

இதைச் சொல்லி விற்க ஆதாரம் வேண்டும். அதற்கு நீங்கள் சென்னைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துருவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நாட்டிலேயே முக்கியமான இடம், மண்டபத்துக் கடற்காற்றில் உலோகத் துண்டுகளை வைத்துப் பல காலமாகச் சோதித்தவர்கள். உங்கள் கோரின் வெட்டுத் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். அலுமினிய வெப்பமாற்றிகளுக்கென்றே அமிலம் கலந்த கடல்நீர்த் தெளிப்புச் சோதனை ஒன்று உண்டு, ஸ்வாட் என்பார்கள். சாதாரண உப்புத் தெளிப்பைவிட அது நிஜத்துக்கு நெருக்கமானது. அதில் உங்கள் பழைய கோரும் புதிய கோரும் எத்தனை நாள் தாங்குகின்றன என்ற ஒப்பீடு கையில் இருந்தால், எந்த ஃப்ளீட் ஓனரிடமும் நீங்கள் தைரியமாக விலை சொல்லலாம்.

உள்பக்க அரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிட்டர்னில் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து கிடந்தால் டிரைவர் வழியில் கிடைத்த தண்ணீரை ஊற்றியிருக்கிறார். "நம்மூர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பார்கள். கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை. கொதிநிலையைக் கூட்டவும் துருவைத் தடுக்கவும்தான் நமக்கு அது வேண்டும். இதைப் பேசிப் புரியவைக்க நேரமாகும். அதைவிடச் சுலபமான வழி, ரேடியேட்டரோடு கலந்து வைத்த கூலன்ட் கேனையும் விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுப்பது. வாரண்டி அட்டையில் "எங்கள் கூலன்ட் ஊற்றியிருந்தால் மட்டும்" என்று தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள்.

விற்பனைக் காலத்தையும் கடலே தீர்மானிக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் வண்டிகள் பாதி நின்றுவிடும், முதலாளிகள் அப்போதுதான் எஞ்சின் வேலை, பாடி வேலை பார்ப்பார்கள். மார்ச் மாதத்துக்குள் அந்த மாடல்களின் ஸ்டாக் உங்கள் குடோனில் தயாராக இருக்க வேண்டும். மே மாதம் உலையைத் தள்ளிப் பிழிந்து ஓவர்டைம் கொடுத்துச் செய்கிற ரேடியேட்டரில்தான் லாபமும் போகும், லீக்கும் வரும். ஜனவரி, பிப்ரவரியிலேயே நிதானமாகச் செய்து அடுக்குங்கள், உப்புக் காற்று படாமல் நன்றாகச் சுற்றி வைத்து.

சட்டங்களும் உங்களுக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கின்றன. 2020 ஏப்ரலிலிருந்து வந்த, பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான வண்டிகளில், புகையின் ஒரு பகுதியைக் குளிர வைத்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வகைகளில், அந்தச் சூடும் கூலன்ட் தலையில்தான் விழுகிறது. 2025இலிருந்து புதிய நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு கண்டென்சர் நிற்கிறது. இதனால் ரேடியேட்டருக்கு வரும் காற்று முன்பைவிடச் சூடாக வருகிறது. அந்தக் கண்டென்சரும் அலுமினிய பிரேசிங் பொருள்தான், உங்கள் உலையில் முடியும். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் அவை உப்பில் அரிபட்டு மாற்றுக்கு வரும்போது நீங்கள் தயாராக இருக்கலாம். அடுத்தது, 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பில் இல்லாமல் விற்கிறவனுக்கும் உங்களுக்கும் இருந்த இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

லாரிக் கம்பெனி ஆசையைப் பற்றி. எண்ணூரிலும் ஓசூரிலும் அசோக் லேலண்ட், ஒரகடத்தில் பாரத்பென்ஸ் என்று தமிழ்நாட்டிலேயே தொழிற்சாலைகள் இருப்பதால் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் ரேடியேட்டர் என்பது பாதிக்கு மேல் காற்று. உங்கள் இடத்திலிருந்து ஒரகடம் சுமார் 500 கிலோமீட்டர், லாரி எடையால் நிறையாமல் இடத்தால் நிறைந்துவிடும். அவர்கள் மணிக்கணக்கில் டெலிவரி கேட்பார்கள், தவறினால் அபராதம். ஐ.ஏ.டி.எஃப். சான்றிதழ் நுழைவுச் சீட்டு மட்டும்தான். பிபேப் ஃபைல் (பாகத்துக்கு ஒப்புதல் வாங்கும் ஆவணங்கள்), எஃப்.எம்.இ.ஏ. (எங்கே எப்படிக் கெடலாம் என்ற முன்கூட்டிய அலசல்), அளவுக் கருவிகளின் ஆய்வு எல்லாம் ஒழுங்காக ஓட ஒரு தனி ஆள் வேண்டும். உங்கள் இடத்திலிருந்து நேரடி சப்ளை சரிப்படாது என்பது என் கருத்து. பெரிய ரேடியேட்டர் தயாரிப்பாளர்களுக்கு அடர்த்தியான, சிறிய சாமான் செய்து கொடுக்கலாம்: ஆயில் கூலர், பைப் சேர்மானம், பிராக்கெட். ஒரே லாரியில் நிறையப் போகும். அதற்கு இப்போது ஐ.எஸ்.ஓ. 9001 போதும். மத்திய அரசின் ஜெட் (ZED) தரச் சான்றிதழுக்குச் சிறுதொழில்களுக்குக் கட்டணத்தில் சலுகையும் உண்டு, அதன் முதல் படியான வெண்கல நிலையிலிருந்து தொடங்கலாம். நான் மேலே சொன்ன அட்டையும் கரும்பலகையும் ஒரு வருஷம் ஓடியிருந்தால் அந்த ஆடிட்டில் பாதி வேலை முடிந்தது.

வசூலைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் அதில் வலி தெரிந்தது. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இருந்தால் குறு, சிறு தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது, ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்குகிற கம்பெனி நேரத்தில் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. 2023-24 கணக்கு வருஷத்திலிருந்து இந்த விதி வந்த பிறகு பெரிய பார்ட்டிகள் வருஷக் கடைசியில் சிறுதொழில் பில்களைத் தேடித் தேடிக் கொடுப்பதைப் பார்க்கலாம். அதனால் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். தாமதப் பாக்கிக்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுப்பது கடைசி ஆயுதம், அந்தப் பார்ட்டியோடு இனி வியாபாரம் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு எடுக்க வேண்டியது. கருவிகளுக்கு மூலதன மானியம் உங்கள் வட்டாரத்துக்குக் கிடைக்குமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு மீட்டர் வாங்குங்கள், வாங்கிவிட்டுக் கேட்காதீர்கள்.

கடைசியாக, செம்பு வேலை செய்கிற உங்கள் பெரியவர்கள். அந்தப் பகுதியை மூடிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். புதிய லாரிகளில் செம்புக்கு வேலை இல்லை, அது உண்மை. விலையும் கனமும் சேர்ந்து அதை ஒதுக்கிவிட்டன. செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். ஆனால் உங்கள் வாசலுக்கு எதிரேயே கடல் இருக்கிறது, அதில் விசைப்படகுகள் இருக்கின்றன. அவற்றில் லாரி எஞ்சினின் கடல் வடிவங்கள்தான் நிறைய ஓடுகின்றன, அவற்றுக்குக் கடல்நீரால் குளிரும் வெப்பமாற்றி வேண்டும். அங்கே அலுமினியம் நிற்காது. செம்பு-நிக்கல் ட்யூப், தொண்ணூறுக்குப் பத்து கலவை, தீர்ந்ததும் மாற்றும்படி துத்தநாக அனோடு. ட்யூபை விரித்து உட்கார வைப்பதும் வெள்ளிப் பற்று வைப்பதும் கை பழகினவர்களுக்கே வரும், உங்கள் பெரியவர்களுக்கு அந்தக் கை இருக்கிறது. இரண்டு படகுக்காரர்களிடம் பழைய வெப்பமாற்றியைக் கேட்டு வாங்கி வெட்டிப் பாருங்கள், தடைக்காலத்தில் சாம்பிள் மாட்டிக் கொடுங்கள். ஈயப் பற்று வேலை தொடரும் வரை அவர்களுக்குப் புகை உறிஞ்சி வையுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள், அதே மேசையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க விடாதீர்கள்.

உலையின் லோடு கணக்கும் ஒரு மாத ரிட்டர்ன் அட்டைகளும் சேர்ந்த பிறகு எழுதுங்கள். முதல் தடவைத் தேர்ச்சி 95ஐத் தொட்டு மூன்று மாதம் அப்படியே நின்று, அப்போதும் ஆர்டர் உலைக்கு வெளியே வரிசையில் காத்துக்கொண்டிருந்தால், இரண்டாவது உலை எந்த அளவில் வாங்கலாம் என்று அப்போது கணக்குப் போடலாம்.